குளத்தங்கரையில் ஒருவர் பொறுப்பு: சிறு பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போகும் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சினிமாவில் காட்டுவதுபோலக் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று அலறுவது நிஜத்தில் அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடி மூச்சை இழுக்கவே பற்றாது. குரல் எழுப்ப மூச்சு மிஞ்சாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. நியூயார்க்கில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, உண்மையான மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து இதை விளக்கியவர். முழுதாக மூழ்கும் முன் இந்தத் தத்தளிப்பு 20 முதல் 60 நொடிதான் நீடிக்கும் என்றார் அவர். தத்தித் தத்தி நடக்கும் வயதுப் பிள்ளைகள் இவ்வளவுகூடப் போராடுவதில்லை. உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம் என்பதால், குப்புற விழுந்தால் எழ முடியாமல் அப்படியே கிடந்துவிடுவார்கள். அதற்கு முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கிணறு, ஏரி, ஆறு என்றால் நம் ஊர்ப் பெற்றோருக்குப் பயம் உண்டு. நீல டைல்ஸ் போட்ட குளம், சுற்றிலும் நாற்காலி, கையில் காபி என்றானதும் அந்தப் பயம் விலகிவிடுகிறது. "நாங்க எல்லாரும் அங்கதான் இருந்தோம்" என்று விபத்துக்குப் பிறகு குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எல்லோரும் இருந்தது உண்மைதான். பார்ப்பது தன் வேலை என்று நினைத்தவர்தான் அந்த நிமிடத்தில் அங்கே இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான்.

முதல் படி: கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏற்காடோ ஏலகிரியோ ஈசிஆரோ, ரூம் போடும்போதே போனில் குளத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் கேள்வி ஆழம். "நாலு அடிதான் சார்" என்று பதில் வரும். அந்த "தான்" நம்மை ஏமாற்றும். நாலு அடி என்பது 122 சென்டிமீட்டர். சராசரி ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 115 சென்டிமீட்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தக் குளத்தில் நின்றால் உச்சந்தலைக்கு மேலே தண்ணீர். நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்று அடியே மூக்கைத் தொடும். இதோடு இன்னொன்று: தண்ணீரில் ஒளி விலகுவதால், நாலு அடி ஆழம் மேலிருந்து பார்க்கும்போது மூன்று அடி போலத்தான் தெரியும். ஆகவே கண்ணால் அளக்க வேண்டாம். எண்ணைக் கேட்டு, பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, குழந்தைகள் குளம் தனியாக இருக்கிறதா, பெரிய குளத்தோடு ஒட்டி இருக்கிறதா? பல ரிசார்ட்டுகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு முழ உயரத் திட்டு மட்டுமே இருக்கும். பந்து அந்தப் பக்கம் போனால் பிள்ளையும் போகும்.

லைஃப்கார்டு உண்டா, எந்த நேரம் வரை என்றும் கேளுங்கள். குளோரின் போட்டுத் துண்டு கொடுக்கும் ஊழியரையே லைஃப்கார்டு என்று சொல்லிவிடும் இடங்கள் இருக்கின்றன. அவருக்கு நீச்சல் தெரியுமா, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர் மீட்கும் முதலுதவி) பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல லைஃப்கார்டு இருந்தாலும் அவர் முப்பது பேரைப் பார்க்க வேண்டியவர். உங்கள் பிள்ளையை மட்டும் பார்ப்பவர் நீங்கள்தான்.

தனிக் குளம் வைத்த வில்லாக்களைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் குடும்பம் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. நாலு பக்கமும் குறைந்தது நாலு அடி உயர வேலி, தானாகச் சாத்திக்கொண்டு தாழ் விழும் கதவு என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு. நம் வில்லாக்களில் படுக்கையறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே குளம். பெரியவர்கள் இரவு வெகுநேரம் பேசிவிட்டுத் தூங்குவார்கள். சின்னது காலை ஆறு மணிக்கே எழுந்துவிடும். ஏற்கெனவே புக் செய்துவிட்டீர்களா? உள்ளே நுழைந்ததும் குளத்துப் பக்கக் கதவுகளுக்கு மேல்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். நீச்சலுடை பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள், அடர் இளஞ்சிவப்பில் இருக்கட்டும். வெளிர் நீலமும் வெள்ளையும் நீல டைல்ஸ் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். நீளமான முடியை இறுக்கிக் கட்ட ரப்பர் பேண்ட் அல்லது தொப்பி, அளவான லைஃப் ஜாக்கெட், ஒரு விசில். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் குளமே வேண்டாம். ஸ்விம் டயப்பர் கிருமியைத் தடுக்காது. சில கிருமிகள் குளோரினிலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

இரண்டாம் படி: உடை மாற்றும் முன் குளத்தைச் சுற்றி ஒரு நடை

பிள்ளைகள் குதிக்கத் துடிப்பார்கள். ஒருவர் அவர்களை அறையில் பிடித்து வைத்திருக்க, இன்னொருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். முதலில் தண்ணீர். குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாகவோ பச்சையாகவோ இருந்தால் யாரும் இறங்க வேண்டாம். அடியில் ஒரு பிள்ளை கிடந்தால்கூட அந்தத் தண்ணீரில் தெரியாது.

அடுத்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் மூடி. அது உடையாமல், திருகாணி போட்டு இறுகி இருக்க வேண்டும். அங்கே இழுவிசை பெரியவரையே பிடித்து வைக்கும் அளவுக்கு இருக்கக்கூடும். முடி சிக்கினால் தலையை எடுக்க முடியாது. அமெரிக்காவில் 2002-ல் ஏழு வயதுச் சிறுமி இந்த இழுவிசையில் சிக்கி இறந்த பிறகு, பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டமே 2007-ல் வந்தது. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று ஊழியரிடம் கேட்டு வையுங்கள்.

ஆழம் எங்கே மாறுகிறது, படி எங்கே இருக்கிறது, மிதவை வளையமும் நீளக் கழியும் எங்கே என்றும் பாருங்கள். கழி இல்லையென்றால் ஒரு மூங்கிலோ நீளமான துப்பட்டாவோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா? 108-ஐக் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய முகவரி, அருகிலுள்ள அடையாளம் என்ன? மலைப்பகுதி ரிசார்ட்டுகளில் இந்த இரண்டுமே சிக்கல், அதனால் முன்கூட்டியே தெரிந்திருப்பது முக்கியம்.

மூன்றாம் படி: பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போகும்போதுதான் கவனம் அதிகம் தேவை. சித்தப்பா பார்க்கிறார் என்று அப்பா நினைப்பார், அம்மா பார்க்கிறாள் என்று சித்தி நினைப்பாள். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தும் பிள்ளையின் மேல் ஒரு ஜோடிக் கண்கூட இருக்காது.

ஆகவே விசிலை ஒருவர் கழுத்தில் மாட்டுங்கள். விசில் யாரிடமோ அவரே பொறுப்பு. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் யாருக்கும் கவனம் தளரும். மாறும்போது சைகை போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மாமா, இனிமே நீங்க. மூணு பேர் தண்ணில இருக்காங்க, ரெண்டு பெரியவன், ஒரு குட்டி." அவர் "சரி, நான் பாக்கறேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் விசில் கைமாற வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் இதேதான். மாற்ற ஆளில்லையா, எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டுப் போங்கள்.

விசில் வைத்திருப்பவர் போனைத் தொடக் கூடாது. போட்டோவும் ரீல்ஸும் எடுக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். திரை வழியாகப் பார்ப்பவருக்குச் சட்டகத்துக்கு வெளியே இருக்கும் இரண்டாவது பிள்ளை தெரியாது. தட்டில் சாப்பாடு, சீட்டுக்கட்டு, சுவாரசியமான அரட்டை எதுவும் கூடாது. மது குடித்தவர் அன்று முழுவதும் விசிலைத் தொடக் கூடாது, தண்ணீரில் பிள்ளையைத் தூக்கவும் கூடாது. கொண்டாட்டத்தில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

யாரை நியமிக்கக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். பத்து வயது அண்ணன் அக்காவிடம் "தம்பியப் பாத்துக்கோ" என்று விடுவது பெரிய தவறு. ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கும். முட்டிவலியுள்ள தாத்தா பாட்டி கூட இருந்து ரசிக்கட்டும், தனிப் பொறுப்பு வேண்டாம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. இடமிருந்து வலம், மேற்பரப்பு, பிறகு அடித்தரை என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லைஃப்கார்டு பயிற்சியில் 10 நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் ஆபத்தில் இருப்பவரை எட்டிவிட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்லித்தருவார்கள். தலைகளை எண்ணிக்கொண்டே இருங்கள். மாலை வெயிலில் தண்ணீர் பளபளத்துக் கண் கூசினால் எழுந்து எதிர்ப்பக்கம் போங்கள்.

எதைத் தேட வேண்டும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, நீர்மட்டத்தில் ஏறி இறங்குவது. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்காமல் இருப்பது. கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவதுபோலக் கைகள் அசைவது. நீந்துகிற மாதிரி இருந்தும் இடத்தை விட்டு நகராதது. சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் யோசிக்காமல் போய்த் தூக்குங்கள். விளையாடும் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். திடீரென்று அமைதியானால் எழுந்து பாருங்கள்.

நான்காம் படி: தண்ணீரில் கையெட்டும் தூரம்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தண்ணீரில் இருந்தால் ஒரு பெரியவரும் தண்ணீரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு குட்டிக்கு ஒரு பெரியவர். கரையில் சேலையோடு உட்கார்ந்து "அங்க போகாத, இங்க வா" என்று குரல் கொடுப்பது கண்காணிப்பு ஆகாது. நீச்சல் தெரியாத அம்மாவும் அப்பாவும் தாராளமாக இறங்கலாம். உங்கள் இடுப்பளவுத் தண்ணீரில், படிக்குப் பக்கத்தில், கால் வழுக்காத இடத்தில் நின்றால் போதும். கனமான சேலையும் தளர்ந்த சல்வாரும் தண்ணீரில் இழுக்கும், உடம்போடு ஒட்டிய உடை நல்லது. இறங்க முடியாத சூழ்நிலை என்றால், பிள்ளையும் அன்று இறங்க வேண்டாம்.

கையில் மாட்டும் காற்றுப்பட்டை, இடுப்பு டியூப், வாத்து மிதவை இவையெல்லாம் விளையாட்டுச் சாமான்கள். நழுவும், காற்றுப் போகும், டியூப் கவிழ்ந்தால் பிள்ளை தலைகீழாக மாட்டிக்கொள்ளும். இவை தரும் தைரியம் இன்னும் ஆபத்து. ஒரு மணிநேரம் மிதந்து பழகிய மூன்று வயதுக்குத் தன்னை மிதக்க வைத்தது பட்டைதான் என்று தெரியாது. சாப்பிடுவதற்காக அதைக் கழற்றிய பிறகு, அதே தைரியத்தில் தானாகப் போய்க் குதிக்கும்.

லைஃப் ஜாக்கெட் வேறு. அதுகூட அளவாக இருந்தால்தான் பயன். பட்டையை இறுக்கிவிட்டுப் பிள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிது. தொடைகளுக்கு நடுவே போகும் பட்டை இருப்பது சிறு பிள்ளைகளுக்கு அவசியம். அதை மாட்டியிருந்தாலும் கையெட்டும் தூர விதி மாறாது.

பிள்ளைகளுக்குச் சொல்லும் விதிகள் குறைவாக இருக்கட்டும். "அம்மா, இறங்கட்டுமா?" என்று கேட்டு, "சரி" என்று பதில் வந்த பிறகே கால் நனைக்க வேண்டும்; இதை வீட்டிலேயே பழக்கலாம். கரையில் ஓடக் கூடாது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தண்ணீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சுப் பிடிக்கிறார்கள் என்ற போட்டி கூடவே கூடாது. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தும் பிள்ளைகளும் இதில் இறந்திருக்கிறார்கள்.

வலிப்பு வரும் பிள்ளை என்றால் எந்த வயதிலும் ஒருவருக்கு ஒருவர்தான். இடி கேட்டால் உடனே வெளியே. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் யாரும் இறங்க வேண்டாம். உதடு நீலமாகி உடம்பு நடுங்கினால் துவட்டிவிட்டு உட்கார வைக்கவும்.

ஐந்தாம் படி: "சரி, சாப்பிடப் போலாம்" என்ற பிறகு

குளிக்கும் நேரத்தில் எல்லோரும் கொஞ்சமாவது விழிப்பாக இருப்பார்கள். ஆபத்து அதிகம் எல்லோரும் கரையேறிய பிறகுதான். துண்டைத் தேடுவதிலும் ஈரத்துணியைப் பிழிவதிலும் கவனம் போய்விடும். பந்து இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். சின்னது அதை எடுக்கப் போகும். எனவே முதலில் பொம்மை, பந்து, டியூப் எல்லாம் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். பிறகு தலை எண்ணுங்கள், கதவைச் சாத்தித் தாழிடுங்கள். கடைசிப் பிள்ளை அறைக்குள் நுழையும் வரை விசில்காரர் குளத்தை விட்டு நகரக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைக் குளத்தங்கரையில் கழற்றாமல் அறையில் கழற்றுங்கள்.

பிறந்தநாள் பார்ட்டியைக் குளத்தங்கரையில் வைப்பதை நான் ஏற்பதில்லை. கேக் வெட்டும்போது எல்லாருடைய கண்ணும் கேக்கின் மேல்தான் இருக்கும்.

பிள்ளையைக் காணோம் என்றால், அறை, மாடி, பார்க்கிங் எல்லாம் பிறகு. முதலில் குளத்துக்கு ஓடுங்கள். வேறெங்கு ஒளிந்திருந்தாலும் ஐந்து நிமிடம் கழித்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆறாம் படி: மூழ்கிவிட்டால்

விசில் ஊதி ஆட்களைக் கூப்பிடுங்கள். நிற்கும் ஆழம் என்றால் இறங்கித் தூக்குங்கள். உங்களுக்கு ஆழமும் நீச்சல் தெரியாததும் சேர்ந்தால் குதிக்காதீர்கள். படுத்துக்கொண்டு கழியையோ துப்பட்டாவையோ நீட்டுங்கள், மிதவையை எறியுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

வெளியே எடுத்ததும் பலர் செய்வது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. எதுவும் வேண்டாம். வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். உடம்பை உப்பால் மூடினால் உயிர் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியும் முழுப் பொய். அதை நம்பி மணிக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. மூழ்கியவருக்குத் தேவை ஆக்சிஜன், அதுவும் உடனடியாக.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டு, தட்டிப் பாருங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் ஒருவர் 108-ஐ ஸ்பீக்கரில் போடட்டும், இலங்கையில் 1990. நீங்கள் தொடங்குங்கள். தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மூச்சு கொடுங்கள். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். தொடக்கத்தில் இரண்டு முதல் ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையாலோ இரு கைகளாலோ 30 முறை அழுத்துங்கள்; ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. கைக்குழந்தைக்கு ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ, நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலோ, 4 சென்டிமீட்டர். 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரையோ பிள்ளை மூச்சு விடும்வரையோ தொடருங்கள். மாரடைப்பு வீடியோக்களில் வரும் நெஞ்சை மட்டும் அழுத்தும் முறை இங்கே போதாது. மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பது முதலிடம். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டு இருக்காதீர்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி, வழித்துவிட்டு, மறுபடி தொடருங்கள். படித்தால் மட்டும் கை பழகாது. பொம்மை வைத்துச் சொல்லித்தரும் அரைநாள் முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குக் கணவன் மனைவி இருவரும் போய்வாருங்கள்.

மயங்கிய பிள்ளை விழித்து அழுதாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். தண்ணீர் குடித்துத் திணறி, தானாகத் தெளிந்த பிள்ளையையும் அன்று இரவு வரை கவனியுங்கள். விடாத இருமல், வேகமான மூச்சு, நெஞ்சுக்குழி உள்வாங்குதல், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏழாம் படி: அப்பார்ட்மென்ட் குளமும் நீச்சல் வகுப்பும்

தினமும் பக்கத்திலேயே இருக்கும் குளத்துக்கு வேலிதான் முதல் காவல். கதவைத் திறந்தே வைக்கக் கல் முட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அசோசியேஷன் கூட்டத்தில் பேசி நிறுத்துங்கள். வேலிக்குப் பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் அது பிள்ளைக்கு ஏணி.

ஒரு வயதுக்குப் பிறகு நீச்சல் வகுப்பு பயன் தரும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் கற்கத் தயாராகிவிடுவார்கள். கோடை வகுப்பில் சேர்க்கும்போது ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். 2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பள்ளியின் குளத்தில், நீச்சல் வகுப்பு நேரத்திலேயே நான்காம் வகுப்பு மாணவன் மூழ்கி இறந்தான். "பயிற்சி நேரம்தானே" என்று நாம் கண்ணை எடுக்கக் கூடாது. பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

நீச்சல் பாணிகளை விட முதலில் கற்க வேண்டியவை வேறு: மல்லாந்து மிதப்பது, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது, சுவரோரமாகக் கைமாற்றி நகர்ந்து படிக்கு வருவது, முழங்கை, முழங்கை, வயிறு, முட்டி என்று ஊன்றி ஏறுவது. இவற்றைச் சொல்லித்தருகிறாரா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். முடிந்தால் நீங்களும் சேருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் சென்னை வேளச்சேரியிலும் பல மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ளன; பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று அங்கே விசாரித்துக்கொண்டு, பிள்ளையின் பெயரோடு உங்கள் பெயரையும் பதிந்துவிட்டு வாருங்கள்.